ஓடுகிற காரைப் பானிங்கில் எடுப்பது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சியில் கலியாணவீடு, சாமத்தியவீடு எடுத்துப் பிழைக்கிற ஆள் நான். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ-9 றோட்டு ஓரத்துக்கோ மாட்டுவண்டில் சவாரித் திடலுக்கோ போய்விடுவேன். அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கிற கஜபா சுப்பர்குரொஸ் கார்ப் பந்தயத்துக்கும் போயிருக்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிற தம்பிமார் எல்லாரும் முதலில் கேட்பது “என்ன செற்றிங் அண்ணை?” என்றுதான். நான் “எங்கே நின்றனீ?” என்று திருப்பிக் கேட்பேன். ஏன் என்று கீழே வரும்.

பானிங் என்றால் என்ன?

வாகனம் ஓடுகிற திசையிலேயே, அது ஓடுகிற வேகத்திலேயே கமராவையும் திருப்பிக்கொண்டு, திருப்பும்போதே ஷட்டரை அமத்துவது. ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கார் ஃபிரேமுக்குள் ஒரே இடத்தில் இருப்பதால் தெளிவாக விழும். அசையாமல் நிற்கிற மரமும் வேலியும் ஃபிரேமுக்குள் ஓடுவதால் கோடாக இழுபடும். பார்க்கிறவனின் கண்ணுக்கு அந்தக் கோடுதான் வேகம்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் கார் கண்ணாடி மாதிரி வருமே, ஏன் இந்த வில்லங்கம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தரம் சாலியபுரவுக்குப் போனபோது முழுவதையும் 1/1000 செக்கனில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆடவில்லை, எல்லாம் வெட்டினது மாதிரித் தெளிவு. பெருமையோடு பிரிண்ட் போட்டு, கராஜ் வைத்திருக்கிற மாமாவிடம் காட்டினேன். கிறீஸ் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “என்னடா தம்பி, காரை நிப்பாட்டி வைச்சோ எடுத்தனி?”

அவர் பார்த்தது சில்லை. கணக்குப் போட்டால் விளங்கும். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு, கார் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும்போது, ஒரு செக்கனில் ஏறக்குறைய 15 தரம் சுற்றும். 1/1000 செக்கனில் அது 5 பாகைதான் திரும்பும். றிம்மின் கம்பிகளை எண்ணலாம், நட்டையும் எண்ணலாம். 1/125 இல் 40 பாகைக்கு மேல் திரும்பும், கம்பிகள் குழையத் தொடங்கும். 1/60 இல் கால் சுற்று. ஐந்து கம்பி றிம்மில் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையில் 72 பாகை என்பதால், 1/60 இல் கம்பியே தெரியாது, சில்லு முழுவதும் ஒரு வட்டப் பளபளப்பாகிவிடும். மாமாவுக்கு அதுதான் ஓடுகிற கார்.

அப்ப எந்த ஷட்டர் வேகம்?

தொடங்குகிறவர்களுக்கு 1/125. பத்துப் படத்தில் நாலு தேறத் தொடங்கினால் 1/80, பிறகு 1/60, பிறகு 1/30. கீழே இறங்க இறங்கப் பின்னணி அழகாக இழுபடும், தேறுகிற படமும் குறையும்.

வாகனத்துக்கு வாகனம் மாறும். சாலியபுர மாதிரிக் கிரவல் தரையில் கார் துள்ளித் துள்ளி ஓடும். நீங்கள் கமராவைப் பக்கவாட்டில் எவ்வளவு ஒழுங்காகத் திருப்பினாலும் மேல்-கீழ்த் துள்ளலை ஒன்றும் செய்ய ஏலாது, அங்கே 1/125 இற்குக் கீழே போவது சூதாட்டம். தார் றோட்டில் போகிற பஸ், ரயில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், 1/30 தாராளம். உழவு மெசினுக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் 1/15 வரை இறங்கலாம். ஆனால் லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவரின் தலை எஞ்சினோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டே இருக்கும், அவர் முகம் தெளிவாக வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க ஓர் உதாரணம். சாதாரண குரொப் சென்சர் (சின்ன சென்சர்) கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸ். 15 மீற்றர் தள்ளி, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் குறுக்கே போகிறது. 6000 புள்ளி (பிக்சல்) அகலமான படத்தில், 1/125 இல் பின்னணி ஏறக்குறைய 110 புள்ளி இழுபடும். 1/30 இல் 470 புள்ளிக்குக் கிட்ட. முதலாவதைப் பார்க்கிறவன் “படம் ஆடிப்போச்சோ?” என்று கேட்பான். இரண்டாவதைப் பார்த்தால் கேட்கமாட்டான்.

எங்கே நிற்பது?

உண்மையில் செற்றிங் இதுதான். மற்றதை எல்லாம் ஒரு பின்னேரத்தில் சொல்லித்தரலாம்.

முதலாவது, கார் உங்களுக்குக் குறுக்கே போகவேண்டும். உங்களை நோக்கி வருகிற காரும், விலகிப் போகிற காரும் ஃபிரேமுக்குள் பெருத்துக்கொண்டோ சிறுத்துக்கொண்டோ இருக்கும், அதைக் கமராவைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாது. அதோடு, குறுக்கே போகிற கார் உங்களுக்கு நேர் எதிரே வருகிற அந்தக் கணத்தில்தான் தூரம் மாறாமல் இருக்கிறது. அமத்த வேண்டிய இடம் அது.

இரண்டாவது, தூரம். 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிற காரை 20 மீற்றரில் நின்று பின்தொடர்ந்தால், நேர் எதிரே வரும்போது நீங்கள் செக்கனுக்கு 80 பாகை வேகத்தில் திரும்பவேண்டும். இடுப்பு அதற்குத் தாங்காது. 60 மீற்றர் பின்னால் போனால் 27 பாகை போதும். நீண்ட லென்ஸ் வேண்டும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், ஆனாலும் உடம்பு ஆறுதலாகத் திரும்பும்.

மூன்றாவது பின்னணி. இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். இரணைமடுக் குளக்கட்டில் மோட்டார்சைக்கிளை ஓடவிட்டு, கீழே இறங்கி நின்று எடுத்த ஒரு தம்பி படத்தைக் கொண்டுவந்து காட்டினான். பின்னுக்கு வானம் மட்டும். பானிங் சரியாகத்தான் செய்திருக்கிறான், ஆனால் வெறும் நீலத்தை எவ்வளவு இழுத்தாலும் நீலம்தான். பச்சை வயலும் அப்படியே, இழுத்தால் ஒரு பச்சைச் சீலை. கோடு விழ வேண்டுமானால் பின்னணியில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி இருக்கவேண்டும். பரந்தன், பூநகரிப் பக்கப் பனங்கூடல் அதற்கென்றே செய்தது மாதிரி. கறுத்த மரம், இடையில் வானம், திரும்பக் கறுத்த மரம். 1/30 இல் அது பாயின் கோடு மாதிரி விழும். தேக்கந்தோட்டமும் நல்லது. மாங்குளம் காட்டுப் பக்கம் பாலை மரங்களுக்குள் வெயில் பொட்டுப் பொட்டாக விழும், அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் கோடாகும். கடை வரிசை என்றால் பெயர்ப்பலகைகளின் நிறம் இழுபடும், அது படத்துக்குப் படம் அதிர்ஷ்டம்.

நான்காவது வெளிச்சம். ஏ-9 கிளிநொச்சி வழியாக ஏறத்தாழ வடக்கு-தெற்காகப் போகிறது. காலையில் கிழக்கு ஓரத்தில் நின்றால் சூரியன் உங்கள் முதுகில், காரின் பக்கம் முழுவதும் வெளிச்சம். பின்னேரம் மேற்கு ஓரம். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம்தான் நல்லது. மேற்கு ஓரத்தில் நின்றால் வெயிலும் முதுகில், காற்றும் முதுகுப் பக்கம், புழுதி உங்களை விட்டு அங்கால் போகும். காலையில் கிழக்கில் நின்றால் வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும், செம்மண் புழுதியும் லென்ஸுக்குள் கிடைக்கும்.

கடைசியாக, நம் ஊருக்கு மட்டும் உரியது. நல்ல பின்னணி தேடிப் பின்னுக்குப் பின்னுக்குப் போகிற பழக்கம் படம் எடுக்கிற எல்லாருக்கும் உண்டு. முகமாலைப் பக்கமோ, மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கிற வேறெந்த இடத்திலோ றோட்டை விட்டு ஓர் அடி இறங்க வேண்டாம். முகாம் வேலி, காவலரண் பின்னணியில் விழுகிற இடத்திலும் நிற்க வேண்டாம். படத்தில் அது வெறும் கோடுதான் என்று வாசலில் நிற்கிறவருக்கு விளங்கப்படுத்தப் பின்னேரம் முழுவதும் போய்விடும்.

வன்னியில் றேஸ் ட்ராக் ஒன்றும் இல்லையே, எதில் பழகுவது?

றேஸ் ட்ராக்கில் பழகப் போகிறவன் காசைத்தான் கரைப்பான். ஒரு காருக்கு ஒரு சுற்றில் ஒரு சந்தர்ப்பம், அவ்வளவுதான். ஏ-9 இல் நிமிடத்துக்கு நிமிடம் வாகனம், அதுவும் சும்மா.

நான் தம்பிமாரை முதலில் கூட்டிக்கொண்டு போவது முறிகண்டிக்கு. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ-9 இல் போகிற சாரதி குறைவு. எல்லா வாகனமும் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் திரும்ப ஏறும். ஆகவே கோயிலுக்குச் சற்று முன்னாலும் பின்னாலும் 20, 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிற பஸ், ஹயஸ் வான், லொறி எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். பழகுகிறவனுக்கு அந்த வேகம் போதும். கை பிடிபட்டதும் ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போய் நின்றால் அதே வாகனம் முழு வேகத்தில் வரும்.

ஒரு நுணுக்கம்: இடப்பக்கம் ஓடுகிற நாடு எங்களது. கிழக்கு ஓரத்தில் நிற்கிறவனுக்குக் கொழும்புப் பக்கம் போகிறவை கிட்டவாகவும் வலமிருந்து இடமாகவும் போகும், யாழ்ப்பாணம் போகிறவை எட்டவாக இடமிருந்து வலமாகப் போகும். எட்ட இருக்கிற ஓடுபாதையை எடுங்கள். தூரமும் சரி, இடையில் கிட்டவால் ஒரு லொறி வந்து மறைத்துக்கொண்டு போனால் அதையும் சிரித்துக்கொண்டு ஏற்கப் பழகலாம்.

ரயிலும் நல்ல வாத்தியார். 2013 இல் கிளிநொச்சி வரைக்கும், 2014 இல் யாழ்ப்பாணம் வரைக்கும் பாதை திரும்பத் திறந்த பிறகு இந்தப் பக்கம் ரயில் ஓடுகிறது. துள்ளாது, திடீரென்று வேகம் மாறாது, எங்கே போகும் என்பதில் சந்தேகமும் இல்லை. முழு ரயிலும் தெளிவாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சினின் முகத்தைப் பிடித்தால் போதும்.

உடம்பை எப்படி வைத்திருப்பது?

கார் உங்களைக் கடக்கிற இடத்தைப் பார்த்து இரண்டு பாதங்களையும் ஊன்றுங்கள், கார் வருகிற திசையைப் பார்த்து அல்ல. பாதம் அங்கே நிற்க, இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கி, வருகிற காரைப் பிடியுங்கள். இடக்கை லென்ஸுக்குக் கீழே, உள்ளங்கை மேலே பார்க்க. முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டியிருக்கவேண்டும், சின்னவயதில் சட்டைக்குள் மாங்காயை ஒளித்துக்கொண்டு நடந்த மாதிரி. கமரா நெற்றியில் அழுத்தமாக இருக்கட்டும்.

கார் நெருங்க நெருங்க முறுக்கு அவிழும். நேர் எதிரே வரும்போது உடம்பு சாதாரண நிலையில் இருக்கும், ஆகக் குறைந்த நடுக்கம் அங்கேதான். அப்போது அமத்துங்கள். அமத்தியதும் நிற்காதீர்கள். காரோடு சேர்ந்து மற்றப் பக்கம் முறுகும்வரை திரும்பிக்கொண்டே போங்கள். பந்தை அடித்த பிறகும் மட்டை சுழன்று தோளுக்குப் போகிறதல்லவா, அதே மாதிரி. பொத்தானை அமத்துகிற கணத்தில் கை நிற்பதுதான் தொடங்குகிறவர்களின் முதல் வியாதி. படத்தைப் பார்த்தாலே சொல்லலாம்: பின்னணி பாதி தெளிவு, கார் பாதி மங்கல், இரண்டும் இல்லாத நிலை.

கமரா இல்லாமலும் பழகலாம். வாசலில் நின்று போகிற சைக்கிளைச் சுட்டுவிரலால் பின்தொடருங்கள். விரல் நுனி சைக்கிள்காரனின் காதை விட்டு விலகக்கூடாது. பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது வேறு கதை.

ஃபோகஸ் எப்படி?

தொடர் ஃபோகஸில் வையுங்கள். நிக்கொன், சோனியில் ஏ.எஃப்-சி, கனொனில் ஏஐ சேர்வோ. நடுப் புள்ளியோ சின்ன வலயமோ போதும். காரில் ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து அதைவிட்டு விலகாதீர்கள். நான் சாரதியின் கதவுக் கண்ணாடியைப் பிடிப்பேன், மோட்டார்சைக்கிளில் ஹெல்மெற்றை.

பழைய கமரா, ஃபோகஸ் மெதுவாகத் தேடுகிறது என்றால் கைமுறைக்கு மாற்றுங்கள். கார் கடக்கப்போகிற இடத்தில் றோட்டில் ஒரு கறை, ஒரு வெள்ளைக் கோடு, ஏதாவது இருக்கும். அதில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். குறுக்கே போகிற காருக்கு இது கச்சிதமாக வேலை செய்யும், தூரம் ஏற்கனவே தெரியுமே.

மத்தியான வெயிலில் 1/30 வைத்தால் படம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வருகிறது.

வரும். ஐ.எஸ்.ஓ. என்பது சென்சர் வெளிச்சத்தை உணர்கிற அளவு, எஃப் என்பது லென்ஸின் துவார அளவு, எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 இல் எஃப் 16 வைத்தால் 1/100 செக்கன்தான் சரியான அளவு. இது பழைய ஃபிலிம்காரர்களின் வாய்ப்பாடு, இன்றைக்கும் பிழைக்காது. 1/30 இற்கு இறங்க எஃப் 29 வேண்டும், கனக்க லென்ஸில் அது இல்லை. எஃப் 22 இருக்கிறது, ஆனால் துவாரம் அவ்வளவு சுருங்கும்போது படத்தின் கூர்மையே குறையும். இன்னொன்றும் நடக்கும்: சென்சரில் ஒட்டியிருக்கிற தூசு ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாக எழும்பும். வன்னிப் புழுதிக்குள் இரண்டு வருடம் வேலை செய்த கமராவில் எஃப் 22 வைத்து வானத்தை எடுத்துப் பாருங்கள், கொத்தமல்லி தூவினது மாதிரி இருக்கும்.

என்.டி. ஃபில்டர் வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கும், நிறத்தை மாற்றாது. வெளிச்சத்தை எட்டில் ஒன்றாக்குகிற என்.டி. 8 போட்டால் அதே வெயிலில் 1/30 இற்கு எஃப் 10 போதும். காசில்லை என்றால், உங்களிடம் ஏற்கனவே போலரைசர் ஃபில்டர் இருந்தால் அதைப் போடுங்கள். அதுவும் ஒன்றரை, இரண்டு படி (ஒரு படி என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்கும், கார்க் கண்ணாடியில் வானம் பளிச்சிடுவதும் குறைந்து உள்ளே இருக்கிற சாரதி தெரிவார். இரண்டும் இல்லையென்றால் வீட்டில் படுத்துவிட்டு நாலரைக்குப் பிறகு வாருங்கள். நான் பெரும்பாலும் செய்வது அதுதான்.

திடலில் நின்று லென்ஸ் மாற்ற மட்டும் வேண்டாம்.

லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசரைப் போடுவதா, நிப்பாட்டுவதா?

ஒரு சவாரியில் ஒரு பகல் முழுவதையும் இதால் இழந்தேன். ஸ்டெபிலைசரின் வேலை கமரா அசைவதைத் தடுப்பது. நான் வேண்டுமென்று திருப்பினேன், அது நடுக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுத்தது. இரண்டு பேரும் இழுத்ததில் ஒரு படமும் தேறவில்லை.

பல கனொன் லென்ஸ்களில் 2 ஆம் நிலை என்று ஒன்று இருக்கும். அது பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்-கீழ் நடுக்கத்தை மட்டும் தடுக்கும், பானிங்குக்கென்றே செய்தது. புதிய லென்ஸ்கள் சில தாங்களே கண்டுபிடித்துவிடும். உங்களுடையது எதுவென்று தெரியாவிட்டால் நிப்பாட்டிவிடுங்கள்.

காரின் நடு தெளிவாக இருக்கிறது, முன்னும் பின்னும் மங்கல். ஏன்?

கிட்ட நின்று அகன்ற லென்ஸில் எடுத்திருப்பீர்கள். காரின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனால் திரும்புகிற கமராவுக்கு அப்படித் தெரியாது. நாலேகால் மீற்றர் நீளமான காரை 5 மீற்றரில் நின்று எடுத்தால், நடுக்கதவுக்குச் சரியாகத் திருப்புகிற வேகம் மூக்கு நுனிக்கும் வாலுக்கும் ஏறக்குறைய 18 வீதம் பிசகும். 20 மீற்றரில் அந்தப் பிசகு 1 வீதத்தைச் சற்றுத் தாண்டும், கண்ணுக்குத் தெரியாது. முழுக் காரும் தெளிவாக வேண்டுமானால் பின்னால் போங்கள்.

ஆனால் நான் சில வேளை வேண்டுமென்றே கிட்டப் போவேன், பந்தயத்தில் அல்ல, றோட்டோரத்தில். ஓட்டுகிறவரின் முகம் மட்டும் தெளிவாக, வாகனத்தின் மிச்சம் முழுவதும் கரைந்து போகிற படம் ஓட்டோவில் மிக அழகாக வரும்.

ஃபோனில் எடுத்தால் கம்பமெல்லாம் சாய்ந்து, சில்லு முட்டை மாதிரி வருகிறதே?

ஃபோனின் சென்சர் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. மேல் வரியை வாசித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் நீங்கள் ஃபோனைத் திருப்பிவிடுகிறீர்கள். அதனால் நிற்கிற கம்பம் ஒரு பக்கம் சாயும். கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கமராக்களில் சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டாலும் இது நடக்கும், அங்கே இயந்திர ஷட்டருக்கு மாற்றினால் தீர்ந்தது.

இது புதிய வியாதியும் அல்ல. பிரான்ஸின் லார்ட்டீக் என்பவர் 20 வயதுகூட ஆகாத பெடியனாக 1913 இல் ஒரு கிராண்ட் பிறீ பந்தயத்தில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கண்ணாடித் தட்டுக் கமரா. அதன் ஷட்டர் ஒரு திரைப் பிளவு மெதுவாக நகர்வது மாதிரி வேலை செய்தது. அவர் காரோடு கமராவைத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு எட்டவில்லை. அதனால் காரின் சில்லு முட்டையாகி ஒரு பக்கம் சாய்ந்தது, பார்த்துக்கொண்டு நின்ற சனம் மற்றப் பக்கம் சாய்ந்தது. கார் பாதி ஃபிரேமுக்கு வெளியே. பிழையான படம் என்று பல வருடம் கிடப்பில் கிடந்து, 1963 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது. ஆகவே சாய்ந்த படங்களை உடனே அழிக்க வேண்டாம்.

ஃபோனில் பானிங்கே செய்ய முடியாதா?

முடியும், பகலில் கஷ்டம். கனக்க ஃபோன்களில் துவாரத்தைச் சுருக்க வழியில்லை, எஃப் 1.8 மாதிரி எப்போதும் அகலத் திறந்தபடிதான். உச்சி வெயிலில் அது ஐ.எஸ்.ஓ. 50 இலும் 1/4000 வரை ஓடிவிடும். புரோ நிலையில் 1/30 வைத்தால் வெள்ளைத் தாள்தான். பொழுது பட்ட பிறகு முயலுங்கள். கூகுள் பிக்சல் ஃபோன்களில் 2021 இல் வந்த 6 ஆம் வகையிலிருந்து இதற்கென்று ஒரு நிலை இருக்கிறது, பல படத்தை எடுத்து மென்பொருளால் பின்னணியை இழுக்கும். நன்றாகத்தான் வருகிறது. சில வேளை மோட்டார்சைக்கிளின் கண்ணாடியையும் பின்னணி என்று நினைத்து இழுத்துவிடும்.

ட்ரைபொட் வேண்டுமா?

வேண்டாம். பெரிய லென்ஸ் என்றால் ஒற்றைக்கால் மொனோபொட்.

மாட்டுவண்டில் சவாரிக்கும் இதே கணக்கா?

இல்லை, அது காரை விடக் கஷ்டம். காரில் சில்லு மட்டும்தான் தனியாகச் சுற்றும், மிச்சம் ஒரே துண்டு. சவாரியில் ஒரு துண்டும் மற்றதோடு சேர்ந்து ஓடாது. நாம்பன்களின் தலை ஆடும், கால் வண்டிலை விட வேகமாக முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வரும், வண்டில் துள்ளும், ஓட்டுகிறவர் எழும்பி நின்று கத்துவார். 1/30 வைத்தால் காலே இல்லாத மாடு மிதந்து போகும். நான் 1/100 இலிருந்து 1/160 வரைக்குள் நிற்பேன். ஃபோகஸ் மாட்டின் ஏரியில் (திமிலில்), தலையை விட அது குறைவாகத்தான் ஆடும்.

சோடி சோடியாக ஓடும்போது இரண்டு வண்டிலையும் பிடிக்க ஆசைப்படுவீர்கள். ஒன்றைத் தெரிந்தெடுங்கள். கிட்ட ஓடுவதும் எட்ட ஓடுவதும் உங்கள் கண்ணுக்கு ஒரே வேகத்தில் திரும்பாது, ஒன்று தெளிந்தால் மற்றது இழுபடும். அந்த இழுபட்ட வண்டில் பின்னால் பேய் மாதிரி வருவதுதான் சவாரிப் படத்துக்கே அழகு. ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். மாடு மிரண்டால் உங்கள் படத்தை விடப் பெரிய சேதம் நடக்கும், மாட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டுவது வேறு.

பந்தயத்தில் எவ்வளவு கிட்டப் போகலாம்?

போடப்பட்ட வேலிக்கு வெளியே, அதிலும் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காமல். கார் பிடியிழந்தால் போவது வெளிப்பக்கமாகத்தான். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் சனத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். பானிங் செய்கிறவனுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: கமராவுக்குள் ஒரு காரை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்புகிறான், அதற்குப் பின்னால் வருகிறது அவன் கண்ணில் படாது. தனியாகப் போக வேண்டாம். என்னோடு வருகிற தம்பிக்கு நான் கொடுக்கிற முதல் வேலை, என் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்ப்பது.

ஏ-9 இலும் இதே கதைதான். வெள்ளைக் கோட்டுக்கு இங்கால் நிற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், முந்திக்கொண்டு வருகிற ஹயஸுக்குத் தெரியாது.

நூறு படம் எடுத்தால் எத்தனை தேறும்?

எனக்கு 1/60 இல் இருபது, 1/30 இல் ஐந்தோ ஆறோ. 1/15 இல் ஒன்று வந்தால் அன்றைக்குப் பால்தேத்தண்ணி. கமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், அதில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். வீட்டில் பெரிதாக்கி, காரில் இருக்கிற எழுத்தைப் படியுங்கள். எழுத்துப் படிக்க முடிந்தால் படம் தேறியது.

எல்லாவற்றையும் 1/1000 இல் எடுத்துவிட்டு, கொம்பியூட்டரில் பின்னணியை மங்கலாக்கினால் போகாதா?

போகும். கலியாண அல்பத்தில் மாப்பிள்ளையின் காருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. சில்லையும் சுற்றவிட மறக்காதீர்கள். மாமா மட்டும் கண்டுபிடித்துவிடுவார்.

றோட்டில் போகிறவர்களை எடுத்தால் ஏசமாட்டார்களா?

சிலர் ஏசுவார்கள். முறைப்பாகப் பார்த்தால் கமராவை இறக்கி, கையை உயர்த்திக் காட்டினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். பொம்பிளைப் பிள்ளைகளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம், எடுத்ததை எங்கேயும் போடவும் வேண்டாம்.

போன கோடையில் ஒருவர் பழைய ஹொண்டா சி.டி. 125 இல் பனங்கூடல் பக்கமாகப் போனார், பின்னால் ஒரு மூட்டை நெல். 1/30 இல் ஒன்று அமத்தினேன். நூறு மீற்றர் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இன்றைக்கு அடிதான் என்று நினைத்து நின்றேன். இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றி, “எங்க, காட்டும் பாப்பம்” என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூட்டை கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து தொங்குவதைப் படத்தில்தான் கண்டார். அதை இறுக்கிக் கட்டினார். பிறகு வட்ஸ்அப் இலக்கத்தைச் சொல்லிவிட்டு, “திரும்ப ஒருக்கால் ஓடட்டோ?” என்று கேட்டார். மூன்று தரம் ஓடினார். மூன்றாவது தேறியது.